மொட்டையன் தாவும் தூரம்

நாள் 211. காலை 9:10. முதல் மேடை, குடில்.

மூன்று துளைக்கருவிகளும் ஓடுகின்றன. காற்று 96 விழுக்காடு. தண்ணீர் தாராளம். உணவில் மிச்சமிருப்பது உப்புமாப் பொட்டலம் மட்டும். உணவைப் பற்றிக் குறை எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை இருக்கிறது. எனவே உப்புமா பிரமாதம்.

இந்தக் குறிப்பேட்டை அடுத்து வருகிறவருக்காக எழுத வேண்டும் என்பது விதி. வருகிறவரே, வணக்கம். பெயர் செபஸ்தியான், வயது நாற்பத்தேழு, ஊர் தூத்துக்குடி. பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதி ஒரு முறை தேறினேன். பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். வானத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் என் மனைவி பிலோமினா, ஊரில் இருக்கிற நட்டையெல்லாம் முறுக்கி முடித்தாயிற்றா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஏழு மாதம்.

நான் இருப்பது ஒரு பாறை. குறுக்களவு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. விண்ணுடையோடு சேர்த்து இங்கே என் எடை இரண்டு கரண்டி சர்க்கரை. வரிசையாக ஐந்து இரும்பு மேடைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் முந்நூறு மீட்டர். இடையில் தரை மாதிரித் தெரிவது தரை இல்லை, மாவுத் தூசி. கால் வைத்தால் உப்பளச் சேறு போல உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் மேடைக்கு மேடை இரும்பு வடம் கட்டியிருக்கிறார்கள். இடுப்புக் கொக்கியை வடத்தில் மாட்டி, கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

பொழுதுபோக்குக்கு நாற்பது கிலோ அனுமதி. எனக்கு முன்னே இருந்தவர் கேரம் பலகை கொண்டுவந்தார். காய்கள் இன்னும் குடிலுக்குள் எங்கெங்கோ மிதக்கின்றன. நேற்று ஒன்று உப்புமாவில் கிடைத்தது. நான் கொண்டுவந்தது ‘பேய்க்கோபுரம்’.

மிகப் பழைய வீடியோ கேம் அது. ஆள் உயரப் பெட்டி, ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு பட்டன். ஊரில் ஒரு விளையாட்டுக் கூடத்துக்காகப் பழுது பார்த்தேன். கூடத்தை மூடியபோது பெட்டியை யாரும் கேட்கவில்லை, வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன். அதன் மூளைப் பலகையை நகலெடுத்துச் சின்னப் பெட்டியில் பொருத்தி இங்கே வைத்திருக்கிறேன். அசல் பெட்டி வீட்டில், மகள் ஆக்னஸிடம். பதினாறு வயது. அவள் ஒரு உயிர் ஆடுவாள், நான் ஒரு உயிர் ஆடுவேன், யார் அதிக மேடை ஏறினோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொள்வோம். பேச்சு ஊர் போய்ச் சேரப் பதினோரு நிமிடம், பதில் வரப் பதினோரு நிமிடம்.

ஆட்டம் இதுதான். தலைக்கவசமும் கையில் விளக்குமாக ஒரு குள்ள வீரன், பேய்கள் குடியிருக்கும் கோபுரத்தில் மேடை மேடையாகத் தாவி ஏறுகிறான். மொத்தம் ஏழு; ஏழாவதின் முடிவில் ஒரு கதவு, அதைத் தாண்டினால் வெற்றி. காலடியில் எலும்புக்கூடு முளைக்கும். குட்டிச்சாத்தான்கள் கோணல்மாணலாகப் பறந்துவரும். நாலாம் மேடையில் ஒரு தவளை மந்திரவாதி. தீப்பந்தம் எறிந்து கொல்லலாம். ஆனால் நேராக மட்டும்தான் எறிவான், கீழே எறியத் தெரியாத மடையன். முதல் அடியில் கவசம் பறந்து வழுக்கை மண்டை தெரியும். இரண்டாவது அடியில் எலும்பு. அந்த வழுக்கையைப் பார்த்து, அது அப்பாதான் என்று மூன்று வயதில் ஆக்னஸ் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவன் பெயர் மொட்டையன்.

இரக்கமே இல்லாத ஆட்டம். தாவிவிட்டால் காற்றில் திருப்ப முடியாது. எந்தத் தாவலும் ஒரே தூரம். பட்டனைத் தொட்டாலும் சரி, குத்தினாலும் சரி. பள்ளத்தில் விழுந்தால், ஏழாம் மேடையாகவே இருந்தாலும், மறுபடி முதல் மேடை. விளக்கில் எண்ணெய் குறைந்ததும் பாட்டு இரண்டு மடங்கு வேகமாகும். பாட்டு மட்டும்தான், ஆட்டம் அதே வேகம். அந்தப் பாட்டில்தான் நான் சாவேன். பயம் வந்தால் பட்டனை ஓங்கிக் குத்துவேன், உடம்பே சேர்ந்து தாவும். அசல் பெட்டியில் தாவல் பட்டனைச் சுற்றி என்னால் ஒரு குழி விழுந்திருக்கிறது.

9:32. ஆக்னஸ்:

“அப்பா, நேத்து ஆறாம் மேடை வரைக்கும் போயிட்டேன். நீங்க நாலாம் மேடையிலயே எலும்பாயிட்டியளாமே? அந்தத் தவள என்ன ஒங்க மாமனாரா, அவன் வந்ததும் ஒதுங்கி வழி விடுதிய? சரி சரி. ஒங்க முறை.”

நாள் 212. மதியம் 2:25. குடில்.

மூன்றாம் மேடைத் துளைக்கருவி அடியில் ஏதோ விரிசலைத் தொட்டிருக்கிறது. சத்தம் இல்லை, இங்கே சத்தம் ஏது. குடில் ஒரு முறை குலுங்கியது, அவ்வளவுதான். சன்னலில் பார்த்தால், வடம் அறுந்து, முளைகளையும் பிடுங்கிக்கொண்டு, நெளிந்து நெளிந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது. நாலு இடைவெளிக்கும் சேர்த்து ஒரே வடம். அது இனி திரும்பாது.

அது போகட்டும். காற்று செய்யும் இயந்திரத்தின் கூடு பிளந்துவிட்டது. ஒட்டுப் போட்டேன். பிய்ந்தது. மறுபடி போட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் நல்ல ஃபிட்டர்; இதை ஒட்ட முடியாது. தொட்டியில் இருப்பது ஆறு நாள் காற்று.

3:14. கட்டுப்பாட்டு அறை. பேசுகிறவர் சென்னியப்பன், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என் பாறையைக் கவனிப்பது அவர் வேலை.

“செபஸ்தியானுங்களா, கேட்டேனுங்க. மனசுக்குச் சங்கடமா இருக்குதுங்க. கல்லு ஏத்தற கப்பல் இருநூத்திப் பதினெட்டாம் நாளு, மத்தியானம் பன்னண்டரைக்கு அஞ்சாம் மேடைக்கு வருதுங்க. ஆளில்லாத கப்பலுங்க, ஆனா அவசரத்துக்கு ஒருத்தருக்குக் காத்தும் சோறும் உள்ள இருக்குதுங்க. நாப்பது நிமிசம் நிக்கும். அதுக்கு மேல நிறுத்தி வெக்கறதுக்கு ஆவாதுங்க, பாதை தப்பிப் போயிரும். ஏறிக்கிட்டீங்கன்னா நாலு மாசத்துல ஊருங்க. என்னொண்ணு, வடத்துல கொக்கி மாட்டாம வெளிய போறது விதிப்படி கூடாதுங்க.”

வடமே இல்லையே என்று பதில் அனுப்பினேன்.

3:38. “அதைத்தானுங்க நானும் ரோசன பண்ணிட்டே இருக்கறேன்.”

முதுகில் மாட்டிப் பறக்கிற பை ஒன்று இங்கே முன்பு இருந்ததாம். வடம் இருக்கையில் இது எதற்கு என்று மேலிடம் இரண்டு வருடத்துக்கு முன் எடுத்துக்கொண்டது.

நாள் 213. காலை 11:05. குடில்.

ஆக்னஸ்:

“அப்பா, அழாம கேளுங்க. நான் அழுது முடிச்சிட்டேன். ஒங்களுக்கு அங்க எடையே கெடையாது. மொட்டையன் மாதிரி மேடைக்கு மேடை தாவிற வேண்டியதுதான். நாலு தாவல். அவன மாதிரியே காத்துல திரும்ப முடியாது. ஆனா அவன் எப்பிடிக் குத்துனாலும் ஒரே தூரம் போவான், நீங்க அப்பிடி இல்ல. கால் வெரலால லேசாத் தள்ளணும். வினாடிக்கு அறுவது சென்டிமீட்டர். சாஞ்சாப்ல போனா ஒம்பது நிமிசத்துல அடுத்த மேடை. கொறஞ்சா தூசிப் பள்ளம். கூடுனா... கூடக் கூடாது. எங்க பிசிக்ஸ் சார் மூணு தரம் சரி பாத்துட்டாவ.”

இரண்டாவது செய்தி, உடனே பின்னால்:

“கப்பலோட கணினிப் பக்கத்தையும் எங்களுக்குத் தொறந்து விட்டிருக்காவ. கதவு, எடை எல்லாம் திரையில தெரியுது. நீங்க ஏறுனதும் முள்ளு நகரும்லா, நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அம்மா பக்கத்துலதான் இருக்காவ. பேச மாட்டாவளாம்.”

பயிற்சிக்கும் அவளே வழி சொன்னாள். என் இடுப்பில் அறுபது மீட்டர் கயிறு உண்டு. அதை மேடைத் தூணில் கட்டிக்கொண்டு மேலே தாவ வேண்டும். கயிறு இறுகும்வரை எண்ண வேண்டும். நூறு வந்தால் சரியான வேகம்.

முதல் தாவல்: 31. கயிறு இறுகியதில் இடுப்பு கழன்று கையோடு வந்துவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன். இருந்தது.

நாள் 214. மாலை 4:50. குடில்.

இன்று இருபத்தாறு தாவல். 44, 140, 71, 160, 88. பிற்பகலில் 97, 103, 99, 101. நாற்பத்தேழு வயதில், கால் கட்டைவிரலுக்கு இவ்வளவு புத்தி உண்டு என்று தெரிந்துகொண்டேன். மண்டைக்கு வராதது விரலுக்கு வந்திருக்கிறது.

சென்னியப்பன்:

“ஒரு சின்ன ஒப்புதல் வேணுங்க. வடம் இல்லாம தாவறது உங்க சொந்த விருப்பத்துல தாவறதுன்னு மூணு பிரதி கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, மேல கேக்கறாங்க.”

போட்டேன். சொந்த விருப்பம்தான். காற்றில்லாமல் குடிலில் உட்கார்ந்திருப்பதும் விருப்பப் பட்டியலில் இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நாள் 215. பகல் 12:20. குடில்.

முன்பே சொல்லிவைத்திருந்த தாவல் நேரத்துக்குச் சரியாக ரேடியோவில் ஆக்னஸ் சொல்லாமல் கொள்ளாமல் பேய்க்கோபுரப் பாட்டை ஓடவிட்டாள். எண்ணெய் குறைந்த பாட்டு. இரண்டு மடங்கு வேகம்.

எண்ணிக்கை: 46.

பதிவைக் கேட்டுவிட்டு அவள் அனுப்பியது:

“எனக்குத் தெரியும். பாட்டக் கேட்டதும் ஓங்கிக் குத்துவியன்னு தெரியும். அப்பா, அது வெறும் பாட்டு. பாட்டுதான் வேகமாகுது, ஆட்டம் வேகமாகல. மறுபடி போங்க.”

மறுபடி போனேன். 52. மறுபடி. 49. பாட்டு காதில் விழுந்ததும் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. கடைசியில் நானே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். தாவும்போது கையால் தொடையில் ஓங்கிக் குத்துவது. கோபம் கைக்குப் போகட்டும், கால் சும்மா இருக்கட்டும். பாட்டோடு 98. பாட்டோடு 102. பாட்டோடு 100.

“சபாஷ்! தொட வீங்குனா பரவால்ல. ஒங்க முறை முடிஞ்சிது, இப்ப என் முறை. ஆறாம் மேடை.”

நாள் 217. காலை 10:00. குடில்.

காற்று கனத்துவிட்டது. தலைவலி. மேலிடத்துக்கு இரண்டு கிலோ மாதிரிக் கல் கொண்டுவர முடியுமா என்று சென்னியப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். எடை கூடினால் விரல் கற்ற கணக்கு கெடும், நீங்களே தாவிவந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இருபத்திரண்டு நிமிடம் கழித்து அவர் சிரித்த சத்தம் வந்தது. பாவம், நல்ல மனிதர்.

அதே காரணத்தால் மொட்டையன் பெட்டியும் இங்கேயே இருக்கும். கடைசியாக ஒரு ஆட்டம் போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஆறாம் மேடை. பாட்டு வேகமாயிற்று. குத்தினேன். பள்ளம். முதல் மேடை.

நாள் 218. காலை 10:20. முதல் மேடை, வெளியே.

இனி வாயால் சொல்வதை உடையில் உள்ள கருவி எழுதிக்கொள்ளும். உடையில் ஆறு மணி நேரக் காற்று. அறுபது மீட்டர் கயிறு இடுப்பில். காந்தச் செருப்பு மேடை இரும்பைப் பிடித்திருக்கிறது. தாவும்போது அணைக்க வேண்டும், இறங்கும்போது தானே பிடித்துக்கொள்ளும்.

தொடையில் குத்து. விரலில் தள்ளு.

10:43. இரண்டாம் மேடை.

வந்துவிட்டேன்! ஒன்பது நிமிடம் அந்தரத்தில் சும்மா கிடப்பது எவ்வளவு நேரம் தெரியுமா? மொட்டையனை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு அரை வினாடி. கொடுத்துவைத்தவன்.

11:10. மூன்றாம் மேடை.

நடுவில் இறங்கினேன். மேடை விரிசலில் சாய்ந்திருக்கிறது. ஒரு முனை தூசிக்குள்.

11:31. மூன்றிலிருந்து நான்குக்கு, அந்தரத்தில்.

தள்ளும்போது இரும்பு அசைந்தது. வேகம் குறைவு. எண்ணாமலே தெரிகிறது. மேடை வருகிறது. எட்டுமா. எட்டாது போலிருக்கிறது.

11:52. நான்காம் மேடை ஓரம்.

இரண்டு மீட்டர் குறைந்துவிட்டது. இடுப்புவரை தூசி. கயிற்றுக் கொக்கியை எறிந்ததில் மூன்றாவது எறிக்கு மேடைக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன். ஒரு சாண் வெளியே வந்தால் அரைச் சாண் உள்ளே. உப்பளத்தில் ஒரு முறை என் ஸ்கூட்டர் இப்படித்தான் மாட்டியது. அதை எடுக்க ஆறு பேர் வந்தார்கள்.

12:31. அங்கேயே.

கப்பல் வந்துவிட்டது. தலைக்கு மேல் கடந்து ஐந்தாம் மேடையில் போய் நின்றது. கதவு திறந்து உள்ளே மஞ்சள் விளக்கு தெரிகிறது. காதில் அதன் சமிக்ஞை, வினாடிக்கு ஒரு பீப். நான் முழங்கால்வரை வந்துவிட்டேன். 

12:40.

மாட்டிக்கொண்டதை ஊருக்கு இப்போதுதான் சொன்னேன்.

12:57. நான்காம் மேடை, மேலே.

வெளியே வந்துவிட்டேன். கொக்கியைக் கழற்றிக் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் மாட்டினேன். கதவு 1:11க்கு மூடும். தாவல் ஒன்பது நிமிடம். 1:00க்குத் தாவினால் 1:09. நேரம் இருக்கிறது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கணக்கு சரியாகத்தான்

1:00.

பீப் இரண்டு மடங்கு வேகமாயிற்று. கடைசிப் பத்து நிமிடம் என்று கப்பல் சொல்கிறது போல. வெறும் பாட்டு. வெறும் பாட்டுதான்.

1:01. அந்தரத்தில்.

தொடையில் குத்தினேன்.

காலும் குத்தியது.

1:02.

ஆக்னஸ், 12:51க்கு அங்கே பேசியது இப்போது வந்து சேருகிறது:

“அப்பா, பயப்படாதிய, ஒரு மணி வரைக்கும் நேரம் கெடக்கு. நான் மறுபடியும் கணக்குப் போட்டுட்டேன். அவசரமே இல்ல. கப்பல் கத்தும், கடைசில வேகமாக் கத்தும், அது வெறும் பாட்டு. மெதுவா... வெரலால... கேக்குதா?”

கேட்கிறது தாயே.

1:05.

ஐந்தாம் மேடை எனக்கு நேர் கீழே. நூறு மீட்டர் இருக்கும். கயிற்றை எறிந்தேன். கீழே எறியத் தெரியாதவன் என்று மொட்டையனைச் சிரித்தவன் நான். எனக்குத் தெரியும். நேராகத்தான் போயிற்று. அறுபது மீட்டரில் இறுகி நின்றது. கொக்கி அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது, கதவுக்கு மேலே, விளக்கு வெளிச்சத்தில்.

நாலே நிமிடத்தில் வந்துவிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாவலில் இதுவரை யாரும் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

1:11.

கதவு மூடியது. பீப் நின்றது. கப்பல் புறப்பட்டது. காலியாக.

1:14.

சென்னியப்பனுக்கு உண்மையை அனுப்பினேன். வீட்டுக்கு அனுப்பியது வேறு. அதையும் இங்கே வைக்கிறேன், வருகிறவரே. என்னை மன்னியுங்கள், மன்னிக்காமலும் இருங்கள்:

“ஏட்டி ஆக்னஸ், ஏறிட்டேன். கதவு மூடுததுக்குள்ள ஒரே தாவல். உள்ள எடம் கொஞ்சம்தான், கல்லுக்கு நடுவுல ஒரு கல்லாக் கெடக்கேன். இந்தக் கப்பல்ல ரேடியோ சரியில்ல பாத்துக்க, நாலு மாசம் பேச முடியாது போல. அம்மாட்ட சொல்லிரு.”

நாலு மாதம் அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

1:36.

ரேடியோவில் ஒரு குரல். முதலில் யாரென்று தெரியவில்லை. ஏழு மாதமாயிற்று அல்லவா.

“ஏங்க... கேக்குதா? நான்தான். ஏறிட்டியன்னு புள்ள சொன்னா. சரி. வாங்க. ரேடியோ இல்லன்னா பரவால்ல, இத மட்டும் கேட்டுருங்க. ஏழு மாசம் பேசாம இருந்ததுக்கு வந்து எவ்வளவு வேணும்னாலும் ஏசிக்கிடுங்க. அந்தக் கேம் பெட்டியத் தூக்கிப் போட்டுரணும்னு நெனச்சேன், போடல. இன்னைக்கு சீலா மீன் வாங்கப் போறேன். நீங்க இல்லாம வைக்கக் கூடாதுன்னு இருந்தேன். இன்னைக்கு வைக்கேன். சரி, வச்சிரட்டுமா?”

1:42. வேறு அலைவரிசை.

“அப்பா. மொட்ட மாடில நிக்கேன். அம்மா கீழ இருக்காவ. கதவு மூடிச்சு, கப்பல் கெளம்பிச்சு, எடை முள்ளு நகரவே இல்ல. எங்கிட்ட பொய் சொல்லாதிய. எவ்வளவு ஓங்கிக் குத்துனிய?”

திரையில் எடை தெரியும் என்று ஐந்து நாள் முன்னால் அவளே சொன்னாள். மறந்துவிட்டேன். பத்தாம் வகுப்பு மூளை.

1:46.

சொல்லிவிட்டேன். ஐந்தாம் மேடைக்கு மேலே நாலு நிமிடத்தில் நூறு மீட்டர் உயரத்தில் போனேன் என்று சொன்னேன். அவள் அதிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிப்பாள். நான் பெற்றதாவது கணக்கு அறிந்தது.

1:58.

சென்னியப்பன்:

“செபஸ்தியானுங்களா... உங்க வேகத்துக்குப் பாறை உங்கள விட்டுறாதுங்க. மேல போயிட்டுத் திரும்பக் கட்டாயம் வந்துருவீங்க. தாவுனதுல இருந்து ஏழரை மணி நேரமாகுதுங்க. உடையில காத்து... பாத்தேனுங்க. நாலு இருவதோட முடியுதுங்க. நானு... என்னத்தைங்க சொல்றது. நம்மகிட்ட வேற கப்பல் இல்லீங்க. நான் இங்கயே உக்காந்திருக்கறனுங்க. வீட்டுக்குப் போகல.”

ஏழரை! ஊரில் இதைக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரித் தலையாட்டுவார்கள். நான் சிரித்தேன். முகக் கண்ணாடியில் எச்சில் பட்டுவிட்டது, துடைக்க முடியவில்லை.

2:40.

பாறை சிறுத்துவிட்டது. தாம்பாளம் அளவு. ஐந்து மேடையும் ஐந்து நாலணாக் காசு. வரிசையாக, சுத்தமாக, பேய்க்கோபுரத்தில் இருப்பது போலவே. இங்கிருந்து பார்க்க ரொம்ப எளிதான ஆட்டம்.

3:05.

ஆக்னஸ்:

“வினாடிக்கு ஒண்ணு புள்ளி மூணு மீட்டர், அப்பா. சார் கிட்ட கேக்கல, நானே போட்டேன். பாறை சுத்துததையும் சேத்துப் பாத்தா, எட்டரை மணிக்கு முதல் மேடைக்குப் பக்கத்துல எறங்குவிய. முதல் மேடை. பள்ளத்துல விழுந்தா அதுதான சட்டம். கீழ மீன் கொழம்பு கொதிக்கி. அம்மா பாட்டுப் பாடிட்டு இருக்காவ. நான் சொல்லல. சொல்ல மாட்டேன். நாலு மாசம் இருக்குல்லா.”

3:09.

வேண்டாம், இன்றைக்கே சொல்லிவிடு என்று அனுப்பினேன். என் வாயில் இருந்த பொய்யை எடுத்து அவள் கையில் வைத்திருக்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளை. நாலு மாதம் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். தாவல் ஒரு பிசகு. இந்தப் பொய் இரண்டாவது பிசகு. முதலாவது என்னை மட்டும் கொல்லும்.

3:31.

“முடியாதுப்பா. அம்மா சிரிக்காவ. நீங்களே வந்து சொல்லுங்க.”

3:50.

காற்று முள் சிவப்பில். உடை பீப் அடிக்கிறது. இதுவும் வேகமாகிறது. வெறும் பாட்டு. இப்போது கால் ஒழுங்காக இருக்கிறது, பாருங்கள். அசையவே இல்லை. இப்போது ஒழுங்காக இரு.

4:12.

வருகிறவரே. குடிலில் மொட்டையன் பெட்டி. ஆடுங்கள். தவளை மந்திரவாதிக்கு மூன்று பந்தம், நாலாவது வேண்டாம். தாவல் பட்டனை மெல்லத் தொட்டால் போதும். தொட்டாலே போதும். ஊரில் ஆக்னஸ் என்று ஒரு பிள்ளை. அவளிடம் சொல்லுங்கள், அம்மாவிடம். மீன்

4:19.

பிலோமி வை. குழம்பு வை. வச்சிரு

தானியங்கிப் பதிவு. இரவு 8:33.

மோதல் உணரப்பட்டது. வேகம்: வினாடிக்கு 1.3 மீட்டர்.
இடம்: முதல் மேடை. மையத்திலிருந்து 9 மீட்டர்.
காந்தச் செருப்பு: இரண்டும் பிடித்தன.
உடல் நிலை: நின்றபடி.
காற்று: 0. நாடி: 0.
கேட்கப்படாத செய்திகள்: 6. கடைசிச் செய்தி, இப்போது பெறப்பட்டது, ஒலிக்கிறது:

“அப்பா. கணக்குப்படி இப்ப எறங்கியிருப்பிய. நான் ஏழாம் மேடை ஏறிட்டேன் அப்பா, மொத தடவ. பாட்டு வேகமாச்சு. நான் குத்தல. கதவு வரைக்கும் வந்துட்டு, வேணும்னே பள்ளத்துல குதிச்சிட்டேன். ரெண்டு பேரும் முதல் மேடைலதான் நிக்கோம். அம்மா சோத்துத் தட்டோட கூப்பிடுதாவ, நான் கீழ போகணும். ஒங்க முறை.”